தேனீப் பிசின் டிங்க்சர்: பூசுவதற்கும் பருகுவதற்கும் முன்

ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகளில் தென்னந்தோப்புக்குள் தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்குப் பல காரணங்களுக்காக வருகின்றனர். அவர்களுள் சிலர் ஒரு சிறு பழுப்பு நிறக் குப்பியையும் உடன் எடுத்துவருகின்றனர். தேன்கூட்டிலிருந்து சுரண்டிய பிசினைச் சாராயத்தில் ஊறவைத்து எடுத்த டிங்க்சர் அது. சேற்றுப்புண்ணுக்கும் வாய்ப்புண்ணுக்கும் பூசலாமா, சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்கு ஆகுமா, தினமும் சில சொட்டு நீரில் கலந்து குடித்தால் எதிர்ப்பு ஆற்றல் கூடுமா என்று கேட்கின்றனர். மூன்றுக்கும் ஒரே விடை இல்லை. அந்தப் பொருள் என்ன, அது எவ்வாறு செய்யப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எதற்கு இசைவு, எதற்கு மறுப்பு என்பது தானே விளங்கும்.

தேனீப் பிசின் தேனும் அன்று, மெழுகும் அன்று. தேன் மலரிலிருந்து வருகிறது. மெழுகு தேனீயின் வயிற்றடிச் சுரப்பிகளிலிருந்து வருகிறது. பிசினோ மரங்களின் மொட்டு, பட்டை, காயம்பட்ட இடம் ஆகியவற்றில் கசிவது. வேலைக்காரத் தேனீ அதைக் கடித்தெடுத்து, மகரந்தத்தைச் சுமப்பது போலவே பின்னங்காலில் உருட்டிக்கொண்டு கூட்டுக்கு வரும். ஒட்டிக்கொண்ட அந்த உருண்டையைத் தானாக இறக்கிவைக்க அதனால் இயலாது. மற்றொரு தேனீ இழுத்துக் கொடுக்க வேண்டும். அதனுடன் மெழுகு கலந்து கூட்டின் விரிசல்களை அடைப்பதும், உட்சுவரில் மெல்லிய பூச்சாகத் தடவுவதும் தேனீக்களின் வழக்கம். கூட்டுக்குள் புகுந்து இறந்த சுண்டெலியை வெளியே இழுத்துப்போட முடியாதபோது, அதன் மேல் முழுவதும் பிசின் பூசி அழுகாமல் வைத்துவிடுவதும் உண்டு. பழங்காலக் கிரேக்கர் இதற்கு வைத்த பெயரே இன்றும் உலகெங்கும் வழங்குகிறது: புரோபோலிஸ், அதாவது நகரத்தின் முகப்பு. கூட்டின் வாயிலில் மிகுதியாகக் காணப்படுவதால் அந்தப் பெயர்.

தமிழில் பிசின் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரு வகை உள்ளன. முருங்கைப் பிசினும் வேப்பம்பிசினும் நீரில் ஊறி இளகும். குங்கிலியமும் சாம்பிராணியும் எத்தனை நாள் நீரில் கிடந்தாலும் கரையா; சாராயத்தில் கரையும். தேனீப் பிசின் இந்த இரண்டாம் வகை. அதனால்தான் அதற்குக் கஷாயம் பயன்படுவதில்லை, டிங்க்சர் தேவைப்படுகிறது. மருத்துவமனைகளில் நீராவி பிடிப்பதற்கும், பிளாஸ்திரி ஒட்டும் முன் தோலில் தடவுவதற்கும் பயன்படும் டிங்க்சர் பென்சாயின் என்பது சாம்பிராணியைச் சாராயத்தில் கரைத்ததே. தேனீப் பிசினுக்கும் சாம்பிராணிக்கும் உள்ள இந்த உறவை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். ஒவ்வாமையைப் பற்றிப் பேசும்போது மீண்டும் அதற்கு வருவோம்.

எந்தத் தேனீயின் பிசின்?

நமது தோப்புகளில் உள்ள சிறிய மரப்பெட்டிக்கு நியூட்டன் பெட்டி என்று பெயர். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியைச் சேர்ந்த பாதிரியார் நியூட்டன், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் இந்தியத் தேனீக்காகவே வடிவமைத்தது அது. இந்தியத் தேனீ, அதாவது நாம் அடுக்குத் தேனீ என்று அழைப்பது, பிசின் சேகரிப்பதில் நாட்டமே இல்லாதது. விரிசலைக்கூடப் பெரும்பாலும் மெழுகைக் கொண்டே சமாளிக்கும். ஆகவே, நியூட்டன் பெட்டியைச் சுரண்டி எடுத்ததைச் சாராயத்தில் போட்டால் கிடைப்பது பெரும்பாலும் மெழுகும் தூசியும் மரத்தூளும்தான். பழுப்பு நிறம் வந்துவிட்டது என்பதனாலேயே அது பிசின் டிங்க்சர் ஆகிவிடாது.

பிசினை மிகுதியாகச் சேர்ப்பவை இரண்டு. ஒன்று, இத்தாலியத் தேனீ. 1960களில் வட இந்தியாவில் நிலைபெற்றுப் பின்னர் தெற்கே வந்தது. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்ற நச்சுயிரி தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்த பிறகு, பலர் இத்தாலியத் தேனீக்கு மாறினர். மற்றொன்று, பழைய வீடுகளின் சுவர்ப் பொந்துகளில் குடியிருக்கும் கொடுக்கில்லாத கொசுத் தேனீ. அதன் கூடே பிசினும் மெழுகும் குழைத்துக் கட்டியது. வாயிலில் துருத்திக்கொண்டிருக்கும் குழலைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

தேனீ எந்த மரத்தை நாடியதோ அதைப் பொறுத்தே பிசினின் தன்மை அமையும். ஐரோப்பாவில் பாப்லர் மொட்டு. பிரேசிலின் பச்சை நிறப் பிசினுக்கு அங்குள்ள ஒரு புதர்ச்செடி. தாய்லாந்து, இந்தோனேசியா போன்ற வெப்ப நாடுகளில் மாமரம் ஒரு முக்கிய மூலம் என்று கண்டறிந்துள்ளனர். ஐரோப்பியப் பிசினைக் கொண்டு செய்த ஆய்வின் முடிவை நம் தோப்புப் பிசினின் மீது அப்படியே ஏற்றிச் சொல்ல இயலாது. விளம்பரங்கள் இந்த ஓர் உண்மையை மறைத்தே பேசுகின்றன.

செய்முறையும் அதிலுள்ள இடரும்

நல்ல முறையில் செய்பவர்கள் பெட்டியின் மரத்தைச் சுரண்டுவதில்லை. சட்டங்களுக்கு மேல் நெருக்கமான துளைகள் கொண்ட பிளாஸ்டிக் வலையை விரிக்கின்றனர். தேனீக்கள் துளைகளைப் பிசினால் அடைத்துவிடும். வலையைக் குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் சில மணி நேரம் வைத்து எடுத்து மடக்கினால், வெயிலில் பாகு போல் இழுபட்ட பிசின் கண்ணாடித் துண்டு போல் உடைந்து விழும். மரத்தைச் சுரண்டினால் பழைய வண்ணப்பூச்சும் அதிலுள்ள ஈயமும் உடன் வரக்கூடும். உண்ணிக்கும் மெழுகுப் பூச்சிக்கும் பெட்டியில் வைத்த மருந்துகள் கொழுப்பில் கரைபவை. அவையும் பிசினில் தங்கும். அத்தகைய பெட்டியின் பிசினை மருந்துக்கு எடுக்கலாகாது.

பொறுக்கிச் சுத்தம் செய்து பொடித்த பிசின் 20 கிராமுக்கு, 70 சதவீத எத்தில் ஆல்கஹால் 100 மில்லி என்ற அளவில் அடர்நிறக் கண்ணாடிக் குப்பியில் இட்டு, நாள்தோறும் குலுக்கி, இரண்டு முதல் நான்கு வாரம் இருட்டில் வைத்து வடிகட்டுவது வழக்கமான முறை. 70 சதவீதம் என்பதற்குக் காரணம் உண்டு. அதில் பிசின் நன்கு கரையும், மெழுகு அடியில் நின்றுவிடும். 95 சதவீதத்தில் மெழுகும் சேர்ந்து கரைந்து பின்னர் கலங்கும். நல்ல டிங்க்சரின் ஒரு சொட்டு நீரில் விழுந்தால் பால் போல் வெளுக்கும்; சாம்பிராணி டிங்க்சரும் அவ்வாறே. அடுப்பருகில் இந்த வேலையைச் செய்யலாகாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை என்று எண்ணுகிறோம். ஆயினும் விரைவில் கரையட்டும் என்று குப்பியைச் சூடுபடுத்துபவர்கள் இருப்பதால் சொல்லிவைக்கிறோம்.

செய்முறை இவ்வளவுதான். இடர் இருப்பது அந்தச் சாராயத்தில். மேலை நாட்டுத் தேனீ வளர்ப்பு நூல்கள் தூய எத்தில் ஆல்கஹால் வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகின்றன. தமிழ்நாட்டில் ரெக்டிஃபைட் ஸ்பிரிட் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். தோப்புக்காரர் ஒருவர் கடையில் கேட்டுப் பெறக்கூடியதன்று. உடனே மனம் மாற்றுவழியைத் தேடுகிறது: மருந்துக் கடையின் சர்ஜிகல் ஸ்பிரிட், கை கழுவும் சானிடைசர், மரவேலைக்காரரிடம் உள்ள தின்னர், எங்கிருந்தோ வந்த கள்ளச்சாராயம். இவற்றுள் ஒன்றுகூட உள்ளே செல்லத் தக்கதன்று. சர்ஜிகல் ஸ்பிரிட் குடிக்க முடியாதபடி வேண்டுமென்றே வேறு பொருள் கலக்கப்பட்டது. சானிடைசரில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இருக்கலாம். தின்னரிலும் கள்ளச்சாராயத்திலும் மெத்தனால் இருக்கலாம்.

மெத்தனாலுக்குத் தனி நிறமோ அடையாளம் காட்டும் சுவையோ இல்லை. பிசினின் காட்டமான மணமும் கசப்பும் சேர்ந்தபின் ஐயம் கொள்வதற்கே இடமில்லாமல் போகிறது. உடலுக்குள் கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. பார்வை நரம்பைக் கெடுப்பது அந்த அமிலம். இரண்டு தேக்கரண்டி அளவான 10 மில்லி தூய மெத்தனாலே கண்ணைப் பறிக்கப் போதுமானது. 2023 மே மாதம் மரக்காணம் அருகிலும் செங்கல்பட்டுப் பகுதியிலும் 20-க்கும் மேற்பட்டோரும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரும் மெத்தனால் கலந்த சாராயத்தால் மாண்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். டிங்க்சரைச் சொட்டுக் கணக்கில்தானே எடுக்கிறோம் என்பர். சொட்டுக் கணக்கு நாளடைவில் மூடிக் கணக்காவதையும், பெரியவருக்குச் சளி என்றால் ஒரு தேக்கரண்டி ஊற்றிக் கொடுப்பதையும் நாங்கள் அறிவோம். இத்தகைய எதையும் குடித்தபின் பார்வை மங்கினாலோ, கண் முன் பனி பெய்வது போல் தோன்றினாலோ, வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் கண்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். அறிகுறிகள் தோன்ற 12 மணி முதல் 24 மணி நேரம்வரை ஆகலாம். இடையில் நன்றாக இருப்பது ஆபத்து நீங்கியதற்கு அடையாளமன்று. மாற்று மருந்தும் டயாலிசிஸும் உரிய நேரத்தில் கிடைத்தால் உயிரையும் கண்ணையும் காக்க முடியும்.

குடிப்பழக்கத்தை விடுவதற்காக டைசல்ஃபிராம் மாத்திரை உட்கொள்பவர்கள், தூய ஆல்கஹாலில் செய்ததாயினும் டிங்க்சரைத் தொடக்கூடாது. சில சொட்டுகளே முகச்சிவப்பு, படபடப்பு, இரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியவற்றை உண்டாக்க வல்லவை. குடும்பத்தினர் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும். மருந்து என்று நம்பிக் கொடுப்பவர் பெரும்பாலும் வீட்டாராகவே இருக்கின்றனர்.

இதனால் பயன் உண்டா?

உண்டு, ஆனால் சொல்லப்படும் அளவுக்கு அன்று. ஆய்வுக்கூடத் தட்டில் தேனீப் பிசின் பல கிருமிகளைத் தடுக்கிறது, குறிப்பாகத் தோலில் சீழ் உண்டாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸை. குடலிலும் ஆறாத கால் புண்ணிலும் காணப்படும் வேறு வகைக் கிருமிகளிடம் அதன் ஆற்றல் குறைவு. மனிதரிடம் நடந்த ஆய்வுகளில், புற்றுநோய்ச் சிகிச்சையின்போது வரும் வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்கும் நீராகவும், உதட்டு அக்கிக்குக் களிம்பாகவும் ஓரளவு நம்பிக்கை அளித்துள்ளது; அவை சிறு ஆய்வுகள், அவற்றில் பயன்பட்டவை தரப்படுத்திய தயாரிப்புகள். எதிர்ப்பு ஆற்றலைக் கூட்டும் என்ற கூற்றையும் அதைப் போன்ற பிறவற்றையும் ஆராய்ந்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அவற்றுக்குப் போதிய சான்று இல்லை என்று 2010-ல் முடிவு செய்தது. இவ்வூரில் 1802-ல் முக்தாம்பாள் சத்திரத்தை எழுப்பிய சரபோஜி மன்னர், தம் காலத்தில் கண் நோயாளிகளுக்கு அளித்த சிகிச்சையை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதிவு செய்து வைக்கச் செய்தார். அத்தாள்கள் இன்றும் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. என்ன கொடுத்தோம், என்ன ஆயிற்று என்று எழுதிவைக்காத மருந்தை நம்பலாகாது என்ற எண்ணம் இம்மண்ணுக்குப் புதிதன்று.

ஒவ்வாமை

எங்கள் பிரிவுக்கு நேரடியாக உரிய செய்தி இதுதான். தேனீப் பிசின் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும் இயற்கைப் பொருள்களுள் முன்னணியில் நிற்பது. தேனீ வளர்ப்போரின் விரல் நுனிகளிலும் முன்கைகளிலும் வரும் வெடிப்பு, அரிப்பு, கொப்புளம் ஆகியவற்றுக்கு இது நன்கறியப்பட்ட காரணம். பாப்லர் பிசினில் உள்ள காஃபிக் அமில எஸ்டர்களே முதன்மைக் குற்றவாளி என்று 1980களில் ஜெர்மனியில் கண்டறிந்தனர்.

தேனீ கொட்டினால் எனக்கு ஒன்றும் ஆகாது, பிசினா என்னைச் செய்துவிடும் என்று சிலர் கேட்பதுண்டு. இரண்டும் வெவ்வேறு. கொடுக்கின் நஞ்சுக்கு உடல் காட்டும் ஒவ்வாமை சில நிமிடங்களில் எழுவது. பிசினால் வருவது இரண்டு நாள் கழித்து மெல்ல எழுவது. பல மாதம் தீங்கின்றிப் பழகிய பின்னும் ஒரு நாள் தொடங்கலாம். தொடங்கிவிட்டால் வாழ்நாள் முழுதும் இருக்கும். சாம்பிராணி டிங்க்சர், சில நறுமணப் பொருள்கள், சில களிம்புகள் ஆகியவற்றிலும் உறவுடைய வேதிப்பொருள்கள் இருப்பதால், ஒன்றுக்கு ஒவ்வாதவர்க்கு மற்றொன்றும் ஒவ்வாமல் போகலாம்.

நம் பகுதிக்கென்று இன்னொன்றும் உண்டு. மாமரத்திலிருந்து வந்த பிசினில் கார்டால் என்ற வகைப் பொருள்கள் காணப்படுகின்றன. முந்திரிக்கொட்டையின் ஓட்டு எண்ணெயில் இருப்பவையும், மாம்பால் பட்டால் வாயோரம் வெந்துபோவதற்குக் காரணமானவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரி உடைக்கும் வேலை செய்து கை வெந்தவர்களும், மாங்காய்ப் பால் ஒத்துக்கொள்ளாதவர்களும் நம் ஊர்ப் பிசினைத் தொடும் முன் கூடுதல் எச்சரிக்கை கொள்வது நல்லது.

இனிக் கால் புண்ணுக்கு வருவோம். சம்பா நடவுக் காலத்தில் நாள் முழுதும் சேற்றில் நிற்பவர்களுக்கு விரலிடுக்கு வெளுத்து வெடிக்கிறது. சர்க்கரை நோயால் உணர்வு குன்றிய காலாக இருந்தால் முள் தைத்ததும் தெரிவதில்லை. அதன் மேல் இந்த டிங்க்சரைத் தடவினால் மூன்று தீங்குகள் நேர்கின்றன. ஆல்கஹால், புண்ணை மூட முனையும் புதுச் சதையை எரிக்கிறது. உணர்வு இல்லாததால் எரிச்சலும் தெரிவதில்லை. காய்ந்த பிசின் மேலே தோல் போல மூடிக்கொள்வதால் சீழ் உள்ளேயே தேங்கிப் பாதத்தின் ஆழத்துக்கு இறங்குகிறது. மேலும், நாட்பட்ட கால் புண் உடையவர்களுக்கு மேற்பூச்சு மருந்துகளால் ஒவ்வாமை உண்டாகும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். புண்ணைச் சுற்றிச் சிவந்து நீர் வடியும்போது மருந்து வேலை செய்கிறது, கெட்ட நீர் வெளியேறுகிறது என்று எண்ணி இன்னும் மிகுதியாகப் பூசுகின்றனர். இழந்த நாள்களின் விலை சில வேளை ஒரு விரல், சில வேளை ஒரு கால். சர்க்கரை நோயாளியின் பாதத்தில் எந்தப் புண்ணுக்கும் இந்த டிங்க்சர் வேண்டாம் என்பதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை.

வாய்ப்புண் பற்றி ஒரு சொல். வெற்றிலையுடன் புகையிலை போடுபவரின் வாயில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, தடிப்பு எதுவாயினும் அதன் மேல் எதையும் தடவிக் காத்திருக்கலாகாது. அது புற்றுநோயின் தொடக்கமா என்று பார்ப்பதே முதல் வேலை. டிங்க்சரால் எரிச்சல் சற்று மரத்துப்போவதைக் குணம் என்று கொண்டு மாதங்களை இழப்பது பெரும் கேடு.

கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார், குழந்தைகள், ஆஸ்துமா உடையவர்கள் ஆகியோர் உள்ளுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறுநீரக நோயாளிகளும் அவ்வாறே. தேனீப் பிசினை உட்கொண்டவருக்குத் திடீரெனச் சிறுநீரகம் செயலிழந்த ஒரு நிகழ்வு 2005-ல் மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது.

அப்படியானால் தேனீ வளர்ப்பவர் தம் பிசினை எறிந்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. நல்ல உடல்நிலை உடையவர், தூய எத்தில் ஆல்கஹாலில் முறையாகச் செய்ததைச் சிறு சிராய்ப்பின் ஓரத்தில் பூசுவதை நாங்கள் தடுக்கவில்லை. அதற்கு முன் முழங்கை மடிப்பின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் நாளுக்கு இரு வேளை ஏழு நாள் தடவிப் பாருங்கள். சிவப்போ அரிப்போ தோன்றினால் அன்றே நிறுத்துங்கள். முகத்திலும், கண்ணருகிலும், மறைவிடத்திலும் வேண்டாம். பெட்டியில் பிசின் சுரண்டும்போது நைட்ரைல் கையுறை அணியுங்கள். கையில் ஒட்டியதைச் சோப்பால் மட்டும் தேய்த்துப் புண்ணாக்காமல், முதலில் தேங்காய் எண்ணெய் தடவி இளக்கித் துடைத்தபின் சோப்பால் கழுவுங்கள். குப்பியின் மேல் எந்தத் தேனீ, எந்தச் சாராயம், எந்த நாள் என்று எழுதி ஒட்டுங்கள். அதை எழுத முடியாத குப்பியை எவருக்கும் கொடுக்காதீர்கள்.

ஒவ்வாமை என்று ஐயம் எழுந்தால் முதுகில் ஒட்டுச் சோதனை செய்து உறுதிப்படுத்தலாம். வாசலினில் 10 சதவீதம் கலந்த பிசினைச் சிறு கிண்ணத்தில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்போம். அதன்பின் ஓரிரு நாளில் மீண்டும் ஒரு முறை பார்ப்போம். அந்நாள்களில் முதுகு நனையக் குளிப்பதும், வியர்க்க வேலை செய்வதும் கூடாது. ஆகையால் நடவுக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட ஓய்வான வாரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வாருங்கள். ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்பவராயின் முன்னரே சொல்லுங்கள். வீட்டில் பயன்படுத்திய அந்தக் குப்பியையும் மறைக்காமல் கொண்டுவாருங்கள்.